குடுவைத் தாவரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது எப்படி: புதுச்சேரி, கடலூர் பக்கத்துக்கான முழுமையான வழிகாட்டி

நெப்பந்தஸ் எனப்படும், குடுவையில் பூச்சியைப் பிடித்து உண்ணும் குடுவைத் தாவரத்தை வாங்கி வந்தவர்கள் முதலில் கேட்பது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றுதான். அதற்கு முன்னால் எந்தத் தண்ணீரை ஊற்றப் போகிறீர்கள் என்று கேட்க வேண்டும். எங்கள் பக்கம், புதுச்சேரியிலிருந்து கடலூர் வரைக்கும், இந்தச் செடி சாவதற்குப் பெரும்பாலும் வெயில் காரணம் இல்லை. ரோஜாவுக்கும் துளசிக்கும் ஊற்றுகிற அதே போர் தண்ணீரை இதற்கும் ஊற்றுவதுதான் காரணம். கெடுதல் உடனே தெரியாது. இரண்டு மூன்று மாதம் செடி பச்சையாகவே நிற்கும், அப்புறம் புதுக் குடுவை வருவது நிற்கும், இலை நுனி கருகும், தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று அதே தண்ணீரை இன்னும் கொஞ்சம் அதிகமாக ஊற்றுவார்கள், அதோடு முடிந்தது.

இங்கே சொல்வதெல்லாம் நம் வெப்பத்தைத் தாங்கும் வகைகளுக்கு. வென்ட்ராட்டா, மிராண்டா போன்ற கலப்பினங்களும், ராஃப்லீசியானா, ஆம்புல்லாரியா, மிராபிலிஸ் போன்ற தாழ்நில வகைகளும் இதில் அடங்கும். உயர்மலை வகைகளுக்கு இரவில் நல்ல குளிர் வேண்டும், அதை இந்தக் கடற்கரையில் கொடுக்க முடியாது, அவற்றை வாங்காதீர்கள்.

1. செடிக்கு முன்னால் டிடிஎஸ் மீட்டர் வாங்குங்கள்

பேனா அளவில் இருக்கும், சில நூறு ரூபாய்தான். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவை பிபிஎம் கணக்கில் காட்டும். வீட்டில் கிடைக்கிற ஒவ்வொரு தண்ணீரையும் தனித்தனி டம்ளரில் எடுத்து அளந்து எழுதி வையுங்கள்: போர், நகராட்சிக் குழாய், ஆர்.ஓ., கேன், ஏசியிலிருந்து சொட்டுவது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது மீட்டர் முனையை நல்ல தண்ணீரில் அலசிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் போர் தண்ணீரின் உப்பு அடுத்த டம்ளரின் கணக்கில் ஏறிவிடும்.

50 பிபிஎம்முக்குக் கீழே இருந்தால் நிம்மதியாக ஊற்றலாம். 50 முதல் 100 வரை சமாளிக்கலாம், ஆனால் 7-ஆம் படியில் வரும் அலசலை விடக் கூடாது. 100-க்கு மேல் இருந்தால் இந்தச் செடிக்கு வேண்டாம். மனிதர் குடிக்கும் தண்ணீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் விரும்பத்தக்க அளவே 500. அதனால் "நாங்களே இதைத்தான் குடிக்கிறோம்" என்பது இங்கே செல்லாது.

ஏன் இவ்வளவு கறார்? நெப்பந்தஸ் வளரும் காடுகளில் மண்ணில் சத்து மிகக் குறைவு. சத்தைப் பூச்சியிலிருந்து எடுத்துக்கொள்ளப் பழகிய செடி இது. வேர் மெல்லியது, உப்பைத் தாங்காது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 600 பிபிஎம் தண்ணீர் என்றால் லிட்டருக்கு 600 மில்லிகிராம் உப்பு. தினம் கால் லிட்டர் ஊற்றினால் 150 மில்லிகிராம். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. வெளியே வடியாமல் எல்லாம் தொட்டியிலேயே தங்கினால் 30 நாளில் 4.5 கிராம், கிட்டத்தட்ட முக்கால் டீஸ்பூன் உப்பு. அதே கால் லிட்டர் 30 பிபிஎம் தண்ணீராக இருந்தால் மாதத்துக்கு கால் கிராம்கூட சேராது.

கடலுக்குப் பக்கத்துத் தெருக்களில் போர் தண்ணீரின் அளவு கோடையில் ஒன்று, மழைக்குப் பிறகு ஒன்று என்று மாறும். ஜனவரியில் ஒருமுறை அளந்துவிட்டு மே மாதமும் அதையே நம்பி இருக்காதீர்கள்.

2. தண்ணீருக்கு வழி செய்துகொள்ளுங்கள்

மழைத் தண்ணீருக்கு ஈடு இல்லை. நமக்குப் பெரிய மழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவத்தில். அதைப் பிடித்து வைத்தால் மீதி மாதங்களை ஓட்டிவிடலாம். நடுத்தர அளவில் மூன்று செடி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவைக்கு கால் லிட்டர், மாதத்தில் 25 தடவை என்று வைத்தால்கூட மாதம் 19 லிட்டர்தான் ஆகிறது. ஒன்பது மாதத்துக்கு 170 லிட்டர் சொச்சம். இந்த ஊற்றலுக்கு 200 லிட்டர் நீல டிரம் ஒன்று போதும், 7-ஆம் படியில் வரும் அலசலுக்குத் தண்ணீர் தனி. ரசாயனம் வைத்திருந்த பழைய டிரம்மை வாங்காதீர்கள்.

மொட்டைமாடிக் குழாயிலிருந்து நேராகப் பிடிப்பதுதான் இதில் எல்லாரும் செய்கிற தப்பு. சிமென்ட் தளத்திலும் சுண்ணாம்பு பூசிய தளத்திலும் ஓடி வரும் மழை, சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. வானத்திலிருந்து விழும்போது 10, 20 என்று காட்டிய தண்ணீர் குழாய் வாயில் மூன்று இலக்கத்துக்குப் போய்விடும். மாடியில் சுத்தமான தார்ப்பாயை நான்கு மூலையில் கட்டி, நடுவில் தொய்யவிட்டு, அங்கே ஒரு ஓட்டை போட்டு, அதற்கு நேர் கீழே டிரம்மை வையுங்கள். மழை தொடங்கி முதல் பத்துப் பதினைந்து நிமிடத் தண்ணீரை விட்டுவிட்டு அப்புறம் பிடியுங்கள், ஏனென்றால் முதல் மழை காற்றிலுள்ள தூசியையும் தார்ப்பாயில் படிந்த கடல் உப்பையும் கழுவிக்கொண்டு வரும். டிரம்மை நிழலில் வைத்து மூடி, மூடிக்கு அடியில் கொசுவலைத் துணியைக் கட்டுங்கள். டெங்கு கொசு முட்டையிடுவது இந்த மாதிரி சுத்தமான தேங்கிய நீரில்தான். செடிக்காக வீட்டில் யாரும் காய்ச்சலில் படுக்கக் கூடாது.

மழை பிடிக்க முடியாத ஃபிளாட்காரர்களுக்கு அடுத்த வழி வீட்டு ஆர்.ஓ. இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பல மெஷின்களில் ருசிக்காக வெளித் தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலக்கும் டிடிஎஸ் கன்ட்ரோலர் இருக்கும், அல்லது மினரல் சேர்க்கும் கேட்ரிட்ஜ் இருக்கும். அதனால் ஆர்.ஓ. என்ற பெயரை நம்பாமல் குழாயில் வருவதை அளந்து பாருங்கள். இன்னொன்று, கழிவுக் குழாயில் போகும் தண்ணீர். அதை வீணாக்காமல் செடிக்கு ஊற்றச் சொல்லிப் பல இடத்தில் படித்திருப்பீர்கள். வாசல் கழுவ, பாத்திரம் தேய்க்க நல்லது. நெப்பந்தஸுக்கு அது விஷம். உள்ளே வந்த உப்பெல்லாம் திரட்டி வெளியேறுவது அந்தக் குழாயில்தான்.

20 லிட்டர் கேன் தண்ணீர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனியில் வாரத்துக்கு வாரமும் மாறும். புதுக் கேன் இறக்கியதும் அளந்துவிட்டு ஊற்றுங்கள்.

ஏசி தண்ணீர் நம் ஊருக்குப் பெரிய வரம். காற்றில் ஈரம் அதிகம் என்பதால் ஒரு இரவில் லிட்டர் கணக்கில் கிடைக்கும், உப்பு மிகக் குறைவு. தூசி இருக்கும், துணியில் வடிகட்டுங்கள். ஏசி சர்வீஸ் செய்த பிறகு சில நாள் வரும் தண்ணீரைப் பிடிக்காதீர்கள், கழுவும் ரசாயனம் அதில் இருக்கும்.

அவசரத்துக்கு இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் பேட்டரிக் கடையில் 5 லிட்டர் கேனில் கிடைக்கும். அதே கடையில், அதே மாதிரிக் கேனில் ஆசிட்டும் இருக்கும். லேபிளைப் படித்து வாங்குங்கள். வீட்டில் மீட்டரை வைத்தால், நல்ல டிஸ்டில்டு வாட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டும். கூடுதலாகக் காட்டினால் தொடவே தொடாதீர்கள்.

பலன் தராத வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். கொதிக்கவைத்தால் கொஞ்சம் சுண்ணாம்பு அடியில் படியும், சோடியம் உப்பு அப்படியே இருக்கும். படிகாரம் கலங்கலைத்தான் தெளியவைக்கும். ஒரு இரவு வாளியில் வைத்தால் குளோரின் போகும், உப்பு போகாது. தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் இன்னும் மோசம், கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது.

3. தொட்டியையும் கலவையையும் சரிபாருங்கள்

ஊற்றும் முறை சரியாக இருந்தும் கலவை தப்பாக இருந்தால் பயனில்லை. செம்மண், மாட்டெரு, மண்புழு உரம் எதுவும் கூடாது. ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் வாங்குகிற பொருள்கள்தான் இதற்கும்: ஸ்ஃபேக்னம் பாசி (நீரைப் பிடித்து வைக்கும் காய்ந்த பாசி), பெர்லைட் (லேசான வெள்ளைக் கல் துகள்), தேங்காய் மட்டைத் துண்டு. பாசியும் பெர்லைட்டும் சரிக்குச் சரி கலந்தால் தொடங்குபவர்களுக்கு எளிது. ஈரம் பிடிக்கும், காற்றும் போகும்.

தேங்காய் நார்க்கழிவும் மட்டைத் துண்டும் சேர்ப்பதாக இருந்தால் முதலில் கழுவுங்கள். மட்டையை உப்பங்கழியில் ஊறவைத்த நார் என்றால் அதில் உப்பு நிறைய இருக்கும். வாளியில் ஊறவைத்து, பிழிந்து, பிழிந்த தண்ணீரை மீட்டரில் பார்த்து, 100-க்குக் கீழே வரும்வரை தண்ணீர் மாற்றுங்கள். முதல் இரண்டு மூன்று கழுவலுக்குக் குழாய்த் தண்ணீர் போதும், கடைசிக் கழுவலுக்கு மட்டும் நல்ல தண்ணீர். இந்த வேலையை விட்டவர்கள், மழைத் தண்ணீரையே ஊற்றியும் செடி கருகுகிறதே என்று குழம்புவார்கள்.

பிளாஸ்டிக் தொட்டிதான் நல்லது. மண் தொட்டி பக்கவாட்டில் நீரை ஆவியாக்கி உப்பைச் சுவரில் சேர்த்து வைக்கும். அடியில் ஓட்டை நிறைய இருக்கட்டும்.

தொட்டி மாற்றும்போது வேர் கறுப்பாக, முடி போல மெல்லியதாக இருப்பதைப் பார்த்து அழுகிவிட்டது என்று வெட்டிவிடாதீர்கள். நெப்பந்தஸ் வேரின் நிறமே கறுப்பு. அழுகிய வேர் கொழகொழவென்று இருக்கும், நாறும்.

4. ஊற்றலாமா என்று பார்த்துவிட்டு ஊற்றுங்கள்

காலை எட்டு மணி ஆனால் ஊற்றுவது என்ற கடிகாரப் பழக்கம் இங்கே உதவாது. மேற்பரப்பில் விரல் வையுங்கள். பாசி குளிர்ச்சியாக, அழுத்தினால் ஈரம் ஒட்டுகிற மாதிரி இருந்தால் இன்று வேண்டாம். மேலே வெளிறி, தொட்டால் லேசான ஈரம் மட்டும் தெரிந்தால் ஊற்றும் நேரம். மொறமொறவென்று காயும்வரை விடக் கூடாது, முழுக்கக் காய்ந்த பாசி திரும்பத் தண்ணீரை உறிஞ்ச அடம்பிடிக்கும், ஊற்றியதெல்லாம் ஓரமாக வழிந்து போகும், வேருக்கு எதுவும் கிடைக்காது.

விரலைவிட நம்பகமானது எடை. ஊற்றி வடிந்த பிறகு தொட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள், மறுநாளும் தூக்குங்கள். ஒரு வாரம் செய்தால் எது கனம், எது லேசு என்று கைக்குத் தெரிந்துவிடும்.

5. மேலிருந்து ஊற்றுங்கள், வடியவிடுங்கள்

காலையில் ஊற்றுவது நல்லது. பகல் வெயிலுக்கு முன்னால் செடி நீர் ஏற்றிக்கொள்ளும், இலையில் தெறித்த ஈரமும் இரவுக்குள் காய்ந்துவிடும்.

தண்ணீர் நிழலில் இருந்ததாக இருக்கட்டும். ஏப்ரல், மே மதியத்தில் மாடி டேங்கிலும் ஹோஸ் பைப்பிலும் நிற்கிற தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் வரும். தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்தச் சூடு வேரை வேகவைத்துவிடும்.

சிறு பூவாளியில் தொட்டி முழுக்கச் சுற்றி, மெதுவாக, அடி ஓட்டையிலிருந்து நன்றாக வடியும்வரை ஊற்றுங்கள். இரண்டு ஸ்பூன், அரை டம்ளர் என்று மேலே மட்டும் நனைப்பதுதான் பலரும் செய்வது. அதில் இரண்டு கெடுதல்: அடி வேர் காய்கிறது, உப்பு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சேர்கிறது. ஊற்றியதில் ஐந்தில் ஒரு பங்காவது கீழே வர வேண்டும்.

வந்த தண்ணீரைத் தட்டில் நிற்கவிடாதீர்கள். பூச்சியுண்ணும் செடி என்றால் தட்டில் தண்ணீர் கட்டி வைக்க வேண்டும் என்று வீடியோக்களில் சொல்வார்கள். வீனஸ் ஃபிளைட்ராப், சாரசீனியா போன்ற அமெரிக்கச் சதுப்புநிலச் செடிகளுக்கு அது சரி. நெப்பந்தஸ் பெரும்பாலும் மரத்தின் மேலும் மலைச்சரிவிலும் வளர்வது. போர்னியோவிலும் சுமத்ராவிலும் பிலிப்பைன்ஸிலும், நம் நாட்டில் மேகாலயாவின் காசி மலைகளிலும் அதற்கு மழை அடிக்கடி கிடைக்கும், ஆனால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். வேருக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். தட்டுத் தண்ணீரில் முதலில் போவது காற்று. காற்றில் ஈரம் கூட்டத்தான் தட்டு வேண்டும் என்றால் கூழாங்கல் பரப்பி, தொட்டியின் அடி தண்ணீரைத் தொடாமல் கல் மேல் வையுங்கள், வாரம் ஒருமுறை தட்டைக் கழுவிக் காயவையுங்கள்.

இலைக்குத் தெளிப்பது கட்டாயமில்லை. தெளித்தால் அதே நல்ல தண்ணீர்தான். போர் தண்ணீரைத் தெளித்தால் இலை முழுக்க வெள்ளைப் புள்ளி விழும்.

6. குடுவைக்குள் கை வைக்காதீர்கள்

குடுவைக்குள் இருக்கும் நீரைச் செடியே சுரக்கிறது. அதில் செரிமான நொதிகள் இருக்கின்றன. அழுக்கு என்று கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்புவது செடியின் வயிற்றைக் கழுவிவிடுவது மாதிரி. மூடி திறக்காத இளம் குடுவைக்குள்ளேயே நீர் இருக்கும், பிரித்துப் பார்க்க வேண்டாம்.

ஒரே விதிவிலக்கு, பார்சலில் வந்த செடி. வழியில் கொட்டிப்போய்க் குடுவை காலியாக இருந்தால், நல்ல தண்ணீரைக் குடுவையில் கால் பங்கு அளவுக்கு விடுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

பால், இறைச்சித் துண்டு, சோறு எதுவும் போடாதீர்கள், அழுகிக் குடுவையோடு போய்விடும். எறும்பு தானாக வந்து விழும், நம் ஊரில் அதற்குக் குறைவே இல்லை. குடுவை சில மாதம் இருந்துவிட்டு மேலிருந்து பழுப்பாகிக் காய்வது இயல்பு. அதற்காகத் தண்ணீரைக் கூட்டாதீர்கள், காய்ந்த பகுதியை வெட்டிவிட்டால் போதும்.

7. மாதம் ஒருமுறை அலசுங்கள்

எவ்வளவு நல்ல தண்ணீர் என்றாலும் கொஞ்சம் உப்பு தங்கும். தொட்டி கொள்ளும் அளவைப் போல மூன்று மடங்கு நல்ல தண்ணீரை ஒரே சமயத்தில் மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். கடைசியாக வடிகிற தண்ணீரை டம்ளரில் பிடித்து மீட்டரை வையுங்கள். ஊற்றிய தண்ணீர் 30, வடிந்தது 60, 80 என்றால் சரி. 200, 300 என்று காட்டினால் இன்னொரு சுற்று அலசுங்கள். இரண்டு மூன்று மாதம் இப்படியே கூடிக்கொண்டு போனால் கலவையை மாற்றும் காலம் வந்துவிட்டது.

8. பருவத்துக்கு ஏற்ப மாற்றுங்கள்

மார்ச்சிலிருந்து மே வரை சிறு தொட்டிகளுக்குத் தினமும் தேவைப்படலாம். கத்திரி வெயிலில் 50 சதவீத நிழல்வலை இல்லாமல் தண்ணீரை மட்டும் கூட்டிப் பிரயோஜனம் இல்லை. மாலையில் கடற்காற்று வந்த பிறகு செடி தானாகத் தேறும். மதியம் இலை லேசாகத் தொய்ந்ததைப் பார்த்து அந்தச் சூட்டில் ஓடிப்போய் ஊற்றாதீர்கள்.

ஜூன், ஜூலையில் ஏமாந்துபோவார்கள். வெயில் குறைந்த மாதிரி இருக்கும், ஆனால் பகலில் மேற்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும், பாசி மதியத்துக்குள் காய்ந்துவிடும், குடுவை மொட்டு நுனியிலேயே கருகும். இந்த மாதங்களில் செடியைக் காற்றுக்கு மறைவாக, மற்ற செடிகளோடு நெருக்கி வையுங்கள்.

அக்டோபர் வந்ததும் பூவாளிக்கு ஓய்வு. முதல் சில மழையில் செடியை வெளியே நனையவிடுங்கள், ஆண்டு முழுக்கச் சேர்ந்த உப்பைக் கழுவ அதைவிட நல்லது கிடைக்காது. விடாமல் நான்கைந்து நாள் பெய்தால் தாழ்வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள்.

புயல் நேரம் வேறு கதை. 2011 டிசம்பர் 30-ல் தானே, 2024 நவம்பர் 30-ல் ஃபெங்கல் என்று நம் கரையை நேராகத் தாக்கும் புயல்களில் காற்று கடல் நீரையே தூவலாக அள்ளிக்கொண்டு வரும். தேவனாம்பட்டினம், குருசுக்குப்பம் மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் இலை மேல் உப்புப் படியும். எச்சரிக்கை வந்ததுமே செடிகளை உள்ளே எடுங்கள். வெளியே மாட்டிக்கொண்டால், காற்று அடங்கிய உடனே சேமித்த நல்ல தண்ணீரில் இலையையும் கலவையையும் அலசுங்கள்.

ஜனவரி, பிப்ரவரியில் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை போதும்.

9. வாடிய செடிக்கு ஊற்றும் முன் காரணத்தைப் பாருங்கள்

இலை தொய்ந்தால் முதலில் தொட்டியைத் தூக்குங்கள். லேசாக இருந்தால் தாகம். தொட்டியைக் கால் மணி நேரம் நல்ல தண்ணீர் வாளியில் பாதி ஆழத்துக்கு வைத்து, எடுத்து வடியவிடுங்கள்.

கனமாக இருந்தும் இலை தொய்ந்தால், கலவையில் புளித்த வாடை அடித்தால், தண்டின் அடி கறுத்துச் செடி ஆடினால், அது வேரழுகல். தண்ணீரை நிறுத்தி, புதுக் கலவைக்கு மாற்றுங்கள். அடி போய்விட்டால் மேல் தண்டை வெட்டிப் பாசியில் பதியம் போட்டுக் காப்பாற்றப் பாருங்கள்.

தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு, மேலே பாசி கறுப்பது, இலை நுனி பழுப்பது, ஒவ்வொரு புது இலையும் முந்தையதைவிடச் சிறியதாக வருவது எல்லாம் உப்பு. இரண்டு சுற்று அலசி, தண்ணீரை மாற்றுங்கள். ஏற்கனவே கருகிய இலை திரும்பப் பச்சையாகாது. இனி வரும் இலையைப் பார்த்துத்தான் பிழைத்ததா என்று சொல்ல முடியும்.

இலை பளபளவென்று நன்றாக இருந்து குடுவை மட்டும் வரவில்லை என்றால் தண்ணீர்மேல் பழி போடாதீர்கள். பெரும்பாலும் வெளிச்சம் குறைவு, அல்லது யாரோ உரம் போட்டிருக்கிறார்கள்.

10. ஊருக்குப் போகும்போது

பொங்கலுக்கு நான்கு நாள் போவதானால் பிரச்சினை இல்லை. அலசி வடியவிட்டு, நிழலான, காற்று அடிக்காத மூலையில் வைத்துவிட்டுப் போங்கள். கோடையில் பத்து நாள் என்றால் ஆள் வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனால் அவர்கள் அன்பாகத்தான் ஊற்றுவார்கள், ஆனால் கைக்கு எட்டுகிற குழாயில் பிடித்து ஊற்றிவிடுவார்கள். அதனால் ஒரு லிட்டர் பாட்டில்களில் நல்ல தண்ணீரை நிரப்பி, ஒவ்வொன்றிலும் கிழமையை எழுதி ஒட்டி, செடிக்குப் பக்கத்திலேயே நிழலில் வரிசையாக வைத்துவிடுங்கள். பாட்டில் தீர்ந்துவிட்டால் அதற்கு மேல் எதுவும் ஊற்ற வேண்டாம் என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள். ஒரு நாள் காய்ந்தால் செடியை மீட்டுவிடலாம்.